மூன்றாம் ஜீனோவை யார் எழுதுவது?

‘அடுத்த பாகம்’ என்ற சொல்லைக் கேட்டாலே நம் சீரிய இலக்கிய அன்பர்கள் சிலருக்கு முகம் சுளிக்கிறது. அறிவியல் புனைவு ஒன்றின் தொடர்ச்சி எப்போது வரும் என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கும் இளைஞர்களை அவர்கள் ‘வயதுக்கு ஏற்ற அறிவு வராதவர்கள்’ என்கிறார்கள். இன்னும் கடுமையானவர்களுக்கு அவ்விளைஞர்கள் ‘வாசிக்கத் தெரியாத கூட்டம்’. அண்மையில் நாம் சென்றிருந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில் மதிப்புக்குரிய விமர்சகர் ஒருவர், தொடர்ச்சிக்குக் காத்திருப்பவன் வாசகனே அல்லன், வாடிக்கையாளன் என்று தீர்ப்பு எழுதினார். கைத்தட்டல் பலமாக இருந்தது. அந்தக் கைத்தட்டலை எதிர்த்தே இதை எழுதுகிறோம். ஆனால் காத்திருக்கும் அந்த இளைஞர்கள் மகிழ்ந்துவிட வேண்டாம். அவர்களோடும் நமக்கு ஒரு சண்டை இருக்கிறது. அதை இரண்டாவதாக வைத்துக்கொள்வோம்.

நாம் வாழ்வது கனகம்மாசத்திரத்தில். சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில் திருவள்ளூரைத் தாண்டி, திருத்தணிக்கு முன்னால் வரும் ஊர். திருத்தணி 1960இல்தான் ஆந்திரத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு நகர்ந்ததே தவிர வீடுகளுக்குள் பேசப்படும் மொழி நகரவில்லை. நம்மிடம் படிக்கும் பிள்ளைகளில் பலர் வீட்டில் தெலுங்கும் வகுப்பில் தமிழும் பேசுகிறவர்கள். திருத்தணியைக் கடந்தால் நகரி. அங்கே வேறு மாநிலம், வேறு சுவரொட்டிகள். ஆகவே இப்பிள்ளைகளின் காத்திருப்பும் இருமொழிக் காத்திருப்பு. ஒரு கண் தெலுங்கில் ‘கல்கி 2898 ஏடி’யின் இரண்டாம் பகுதியை நோக்குகிறது, மறு கண் தமிழில் சிட்டியின் மூன்றாம் பதிப்பை நோக்குகிறது. இவர்களின் தந்தையருக்கோ இன்னும் பழைய கணக்கு ஒன்று தீராமல் கிடக்கிறது. 1991இல் சிங்கீதம் சீனிவாசராவ் எடுத்த ‘ஆதித்யா 369’ இங்கே ‘அபூர்வ சக்தி 369’ என்ற பெயரில் தமிழ் பேசியது. காலயந்திரம் ஏறி கிருஷ்ணதேவராயர் அவைக்கும் எதிர்காலத்திற்கும் போய்வந்த அந்தக் கதைக்குத் தொடர்ச்சி வரும் என்று நாயகர் பாலகிருஷ்ணா பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். காத்திருந்தவர்களின் தலை நரைத்துவிட்டது. அவர்களின் பிள்ளைகளும் இப்போது வரிசையில் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

இந்த வரிசையைப் பார்த்துத்தான் நம் விமர்சகர் சிரிக்கிறார். அவரை ஒரு கோடைகாலத்தில் எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் ஒன்றுக்கு அழைத்துவர ஆசை. பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்வார். இரவில் கூத்து. கதை முழுவதும் அங்கே அமர்ந்திருக்கும் பாட்டிக்கும் பேரனுக்கும் தெரியும். துகில் உரியப்படும், ஆனால் முடியாது, அர்ச்சுனன் பாசுபதம் பெறுவான், கர்ணன் சாவான், களிமண்ணில் பெரிய உருவமாகக் கிடத்தப்பட்டிருக்கும் துரியோதனன் கடைசி நாளில் தொடை பிளந்து வீழ்வான். அடுத்து என்ன என்பதில் ஒரு மறைவும் இல்லை. இருந்தும் தபசு மரத்தின் உச்சிக்கு அர்ச்சுனன் வேடக்காரர் ஏறும் வேளைக்காக ஊர் அண்ணாந்து காத்துக்கிடக்கிறது. நாளைக்கு என்ன கூத்து என்று இன்றைக்கே கேட்டுக்கொண்டு வீடு திரும்புகிறது. இதை ‘நாட்டார் மரபு’ என்று பெயரிட்டு முனைவர் பட்ட ஆய்வு செய்யலாமாம். அதே பேரன், அந்தப் பாரதத்தில் சாகாமல் மிஞ்சிப்போன அசுவத்தாமன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குப் பின் என்ன செய்வான் என்று திரையரங்கில் கேட்டால் மட்டும் அது அறியாமையாம். எந்த நூற்பாவின்படி என்று கேட்கத் தோன்றுகிறது.

கூத்தெல்லாம் இலக்கியமா என்று கேட்பவர்கள் ஏட்டுக்கே வரட்டும். கோவலனும் கண்ணகியும் மாண்ட பிறகு கதையில் என்ன பாக்கி? மாதவியின் மகள் பாக்கி. இளங்கோ முடித்த இடத்திலிருந்து அந்தப் பெண்ணை எடுத்துக்கொண்டு சாத்தனார் புறப்பட்டார். வேறு ஆசிரியர், வேறு சமயம், வேறு நோக்கம். காதலும் அரசும் ஊழும் பேசிய கதை பசியைப் பற்றிய கதையாயிற்று. மணிமேகலைக்கு வான்வழிச் செல்லவும், வேற்றுருக் கொள்ளவும், பசி நீங்கவும் மூன்று மந்திரங்கள் கிடைத்தன. கையில் வற்றாத பாத்திரம் ஒன்று வந்தது. (பழந்தமிழில் வானூர்தியும் அணுகுண்டும் தேடுகிற கூட்டத்தில் நாம் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம்.) இரட்டைக் காப்பியம் என்று நாம் பெருமையாகக் கற்பிக்கிற இவ்விரண்டனுள் பின்னது வேறொருவர் எழுதிய தொடர்ச்சிதான். கம்பர் பட்டாபிடேகத்தோடு நிறுத்தியதற்குப் பின் உத்தர காண்டம் ஒட்டக்கூத்தர் பெயரில் வந்து ஒட்டிக்கொண்டதும் தெரிந்த செய்தி. தொடர்ச்சியை இழிவென்று சொல்பவர் முதலில் இவற்றைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கச் சொல்லி மனு எழுத வேண்டும்.

உரைநடைக்கு வந்தால் வழக்கு இன்னும் எளிது. ‘பொன்னியின் செல்வன்’ 1950இல் தொடங்கி மூன்றரை ஆண்டுகளுக்கும் மேலாக வாரந்தோறும் வந்தது. வந்து முடிந்தபோதும் வாசகர் விடவில்லை. அவர் என்ன ஆனார், இவர் யாரை மணந்தார் என்ற வினாக்களுக்குக் கல்கி முடிவுரையில் விடை சொல்ல வேண்டியிருந்தது. அதன் பின்னர் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யை அக்கதையின் தொடர்ச்சியாகவே எழுதினார். இதழின் அடுத்த மலருக்காகக் காத்திருந்த கண்கள்தாம் தமிழில் உரைநடை வாசிப்பை ஒரு பழக்கமாக்கின. சிற்றிதழ் வாசகர் பலரின் வீட்டுப் பரணிலும் அம்மாவோ அத்தையோ கிழித்துத் தைத்த தொடர்கதைப் பொதி ஒன்று இருக்கும். அந்தப் பொதியிலிருந்துதான் அவர்களும் படிக்கத் தொடங்கினார்கள்.

ஆக, காத்திருப்பது குற்றமன்று. இது வரை இளைஞர்கள் பக்கம் பேசினோம். இனி அவர்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?

2024 ஜூன் 27 அன்று ‘கல்கி 2898 ஏடி’ வெளிவந்தது. கருவுற்ற ஒருத்தி, அவள் வயிற்றில் பிறக்கவிருக்கும் கல்கி, அவளைக் காக்கச் சபிக்கப்பட்ட ஒரு கிழ வீரன், அக்கருவைத் தேடும் ஒரு கொடுங்கோலன் என்று கதை பாதியில் நிற்கிறது. கருவுற்றவளாக நடித்த தீபிகா படுகோன் அடுத்த பகுதியில் இல்லை என்று 2025 செப்டம்பரில் தயாரிப்பு நிறுவனம் அறிவித்தது. அதன் பிறகு ஒரு வாரம் நம் வகுப்பறை வாசலில் வேறு பேச்சே இல்லை. சம்பளம் எவ்வளவு, அடுத்து எந்த நடிகை, யார் பக்கம் நியாயம் என்று விவாதம் சூடாக நடந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்தத் தாய்க்கு என்ன நேரும், தெய்வத்தைச் சுமக்கும்படி வாய்த்த ஒருத்திக்கு அதை மறுக்கும் உரிமை உண்டா, அவள் மறுத்தால் கதை எங்கே திரும்பும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நடிகையின் நாள்கணக்கு பற்றி இருந்த அக்கறையில் பத்தில் ஒரு பங்கு பாத்திரத்தின் மேல் இருந்திருந்தால் நாம் இதை எழுதவே புகுந்திருக்க மாட்டோம்.

இந்த இடத்தில் ஜீனோவை அழைக்க வேண்டியிருக்கிறது.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 1980களின் பிற்பாதியில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது, தூர்தர்ஷனிலும் தொடராயிற்று. 2021ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடப்பதாக எழுதப்பட்ட கதை. குடிமக்களின் பெயர்கள் இரண்டு எழுத்துக்குச் சுருக்கப்பட்டுவிட்டன. பிள்ளை பெறுவதற்கு அரசின் அனுமதி வேண்டும். நாட்டை ஜீவா என்பவர் ஆள்கிறார். மக்கள் அவரைக் கண்டு ஆர்ப்பரிக்கிறார்கள். கடைசியில் பார்த்தால் ஜீவா என்று ஒரு மனிதரே இல்லை. ஒளியைக் கொண்டு காற்றில் வரையப்பட்ட முப்பரிமாண பிம்பம். பின்னாலிருந்து வேறு ஆட்கள் இயக்குகிறார்கள். இதை வெளிக்கொணர்வதில் நிலா என்ற பெண்ணுக்குத் துணையாக இருந்தது ஜீனோ என்கிற இயந்திர நாய். அந்த நாய்க்கு வீரதீரம் கிடையாது. படிக்கும், விவாதிக்கும், கேலி செய்யும். ‘மீண்டும் ஜீனோ’ எழுதியபோது சுஜாதா முதற்பகுதியின் வெற்றியைத் திரும்ப விற்கவில்லை. பழைய பிம்பம் கலைந்த பிறகு அரியணையில் அமர்த்தப்படும் நிலாவே இன்னொரு பொம்மையாகிவிட்டால் என்ன செய்வது என்ற அடுத்த கேள்விக்குப் போனார். தொடர்ச்சி என்றால் இதுதான். முதற்பகுதியின் விடையை இரண்டாம் பகுதி கேள்வியாக்க வேண்டும்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். சுஜாதா 2008 பிப்ரவரி 27 அன்று மறைந்தார். அவர் கைபட்ட ‘எந்திரன்’ 2010 அக்டோபரில் வந்தது. ஜீனோவின் வாயாடித்தனத்தில் கொஞ்சம் சிட்டிக்கும் வந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. நாமும் திருத்தணியில் முண்டியடித்துப் பார்த்தவர்கள்தாம். சிட்டி தன்னைத் தானே பிரித்துக்கொள்ளும் காட்சி இன்றும் நினைவில் நிற்கிறது. 2018 நவம்பர் 29 அன்று ‘2.0’ வந்தது. அலைபேசிக் கோபுரங்களால் பறவைகள் மடிகின்றன என்று நெஞ்சு வெடித்துச் சாகும் ஒரு பறவையியல் அறிஞர் அதில் இருந்தார். எழுதப்பட்டிருந்தால் பெரிய பாத்திரம். வசனத்தில் ஜெயமோகன் இருந்தும் அந்தக் கிழவருக்குக் கிடைத்தது சிறிது நேரந்தான். மற்ற நேரமெல்லாம் நட்சத்திரத்தை எத்தனை உருவில், எத்தனை மடங்கில் காட்டலாம் என்பதே கணக்காயிற்று. முடிவில் மூன்றாம் பதிப்பின் சிறு வடிவம் ஒன்று தலைகாட்டியது. அன்று தொடங்கிய காத்திருப்புத்தான் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மக்கள் ஆர்ப்பரித்து வணங்கிய தலைவர் வெறும் ஒளிப்பிம்பம் என்று எச்சரித்த கதையின் வழிவந்த வாசகர்கள் இன்று ஒளிப்பிம்பம் எப்போது மீண்டும் தோன்றும் என்று ஏங்கிக்கொண்டிருக்கிறார்கள். 2024இல் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் அமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை அறிவு கொண்டு ‘லால் சலாம்’ படத்தில் பாடவைத்தார்கள். அதே ஆண்டு, முந்தைய டிசம்பரில் காலமான விஜயகாந்தைத் திரையில் எழுப்பிக் காட்டினார்கள். குடும்பத்தார் இசைவோடு நடந்தவை. அதில் நமக்கு வழக்கில்லை. அரங்கில் எழுந்த ஆரவாரந்தான் நம்மைத் திடுக்கிட வைத்தது. ஜீவா ஆட்சிக்கு வந்துவிட்டார், ஜீனோவைத்தான் காணோம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். சிரித்தோம்.

‘மூன்றாம் ஜீனோ வேண்டும்’ என்று கேட்கிற அன்பர்கள் சற்று வயதானவர்கள். நம் தலைமுறையைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு ஒரு செய்தி. நம் நாட்டுச் சட்டப்படி ஓர் ஆசிரியரின் பதிப்புரிமை அவர் மறைந்த ஆண்டை அடுத்து அறுபது ஆண்டுகள் நிற்கும். கணக்கிட்டால் 2068 முடியும் வரை. அதுவரை உரிமையாளர் இசைவின்றி ஜீனோ பெயரில் எவரும் நூல் போட இயலாது. சரி, போடட்டும் என்றே வைத்துக்கொள்வோம். அவர்கள் கேட்பது என்ன? அதே துள்ளல் நடை, அதே படிக்கட்டுச் சொற்கள், அதே குறும்பு. அதைத் தருவதற்கு இன்று எழுத்தாளன் தேவையில்லை. கட்டளையிட்டால் ஏதேனும் ஒரு கணினி நிரல் மாலைக்குள் எழுதித் தந்துவிடும். அது மூன்றாம் ஜீனோ ஆகாது, முதல் ஜீனோவின் எதிரொலி. சுஜாதா பாரத் எலக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தோடு உழைத்தவர். தம் காலத்துப் பொறியின் உள்ளே கைவிட்டுப் பார்த்துவிட்டு எழுதியவர். அவருக்குச் செய்யும் மரியாதை, நம் காலத்துப் பொறிக்குள் நாம் கைவிடுவது. ஜீனோவை விட்டுவிட்டு வேறொரு நாய் வளர்ப்போமே! தெருநாயாக இருந்தாலும் பரவாயில்லை.

‘பேசுவது எளிது, எங்கே நடந்திருக்கிறது?’ என்று கேட்பார்கள். நடந்திருக்கிறது. பிரிட்டனில் ‘டாக்டர் ஹூ’ என்ற தொலைக்காட்சித் தொடர் 1963 நவம்பரில் தொடங்கியது. (அதே ஆண்டு ஏப்ரலில் இங்கே ‘கலை அரசி’ வந்துவிட்டது. இசைக்கலை அறியாத வேற்றுக் கோளத்தார் பூமிக்கு வந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிற கதை, எம்.ஜி.ஆர். விண்வெளிக்குப் போய் மீட்கிறார். தொடக்கத்தில் நாம் ஒன்றும் பின்தங்கி இருக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறோம்.) அந்தத் தொடரை 1989இல் நிறுத்திவிட்டார்கள். நடுவில் 1996இல் ஒரே ஒரு தொலைப்படம். மற்றபடி 2005 வரை திரையில் ஒன்றுமில்லை. பதினாறு ஆண்டுகள். ரசிகர்கள் என்ன செய்தார்கள்? எழுதினார்கள். 1991 முதல் அந்தக் கதைமாந்தரை வைத்துப் புதிய நாவல்கள் வரிசையாக வந்தன. 1999 முதல் ஒலிநாடகங்கள் வந்தன. எழுதியவர்களில் பலர் சிறுவயதில் அத்தொடரைச் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தவர்கள். 2005இல் தொடரை உயிர்ப்பித்த ரஸ்ஸல் டி. டேவிஸ் 1996இல் அந்த நாவல் வரிசையில் ஒன்றை எழுதியவர். அவரோடு எழுத வந்த மார்க் கேட்டிஸும் பால் கார்னெலும் அதே வரிசையில் பழகிய கைகள். 1974இல் பீட்டர் கபால்டி என்ற பள்ளிச் சிறுவன் இந்தத் தொடர் பற்றி ஒரு வார இதழுக்குக் கடிதம் எழுதினான். 2013இல் அவரே அந்த நாயகராக நடிக்க வந்தார்.

இதைப் படிக்கும்போது நமக்கு நினைவு வருவது மறுபடியும் கூத்துத்தான். விளக்கு வெளிச்சத்தில் முன்வரிசையில் தூக்கத்தை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பையன்களில் ஒருவன் சில ஆண்டுகளில் பெண்வேடம் கட்டுகிறான். பிறகு கிரீடம் வைக்கிறான். கட்டியங்காரனுக்கோ நேற்றைய செய்தியை இன்றைய கூத்துக்குள் கொண்டுவர முழு உரிமை உண்டு. கூத்தின் காத்திருப்பு தன் அடுத்த கலைஞனைத் தானே பெற்றெடுக்கிறது. நூறு கோடிகளில் எடுக்கப்படும் படத்தின் காத்திருப்புக்கு அந்தக் கருப்பை இல்லை. சீட்டு வாங்குபவர் சீட்டு வாங்குபவராகவே முதுமை எய்துகிறார். எங்கள் ஊர்ப்பெயரிலேயே ஒரு சத்திரம் இருக்கிறது. புரட்டாசியில் சென்னையிலிருந்து மஞ்சளாடையோடு திருமலைக்கு நடந்து போகிறவர்கள் இச்சாலையோரம் இளைப்பாறுகிறார்கள். விடியுமுன் எழுந்து நடக்கிறார்கள். சத்திரத்தில் குடியேறியவர் எவரையும் நாம் பார்த்ததில்லை. நம் ரசிக அன்பர்கள் குடியேறிவிட்டார்கள். அதுதான் நம் சண்டை.

ஆனால் அவர்களை மட்டும் வெளுத்துவிட்டு ஓய்வது நேர்மையன்று. எழுந்து நடக்க நினைப்பவனுக்குச் சாலை எங்கே இருக்கிறது? மராத்தியில் நடந்ததைச் சொல்கிறோம். 1974இல் மராத்தி விஞ்ஞான பரிஷத் ஓர் அறிவியல் சிறுகதைப் போட்டி நடத்தியது. நாராயண் விநாயக் ஜக்தாப் என்ற முன்பின் அறியாத பெயரில் ஒரு கதை வந்து பரிசு பெற்றது. எழுதியவர் வானியற்பியலாளர் ஜெயந்த் நார்லிகர். தம் புகழ் குறுக்கே நிற்கக்கூடாதென்று புனைபெயரில் அனுப்பியிருந்தார். 2025 மே மாதம் மறையும்போது அவர் மராத்தி அறிவியல் புனைவின் பெரும்பெயர். ஒரு போட்டி, அதை நடத்தும் ஓர் அமைப்பு, பரிசு பெற்றதை அச்சிடும் ஓர் இதழ் என்று இவ்வளவு போதுமானதாக இருந்தது.

தமிழில் முயற்சியே இல்லை என்று சொல்லமாட்டோம். ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பில், ஆய்வகத்தின் பளபளப்பை விட்டு நம் சித்தமருத்துவ, தத்துவ மரபுகளுக்குள் அறிவியல் கற்பனையைக் கொண்டுபோன கதைகள் இருக்கின்றன. சுதாகர் கஸ்தூரியின் ‘6174’ கணிதத்தையும் பழம்பாடலையும் புதிர்முடிச்சாகப் பின்னியது. நம் மாவட்டத்து மண்ணை ‘வெட்டுப்புலி’யில் எழுதிய தமிழ்மகன், விகடனில் ‘ஆபரேஷன் நோவா’வைத் தொடராக எழுதினார். ‘அரூ’ இணைய இதழ் 2019இல் அறிவியல் சிறுகதைப் போட்டி நடத்தியபோது கதைகள் வந்து குவியாமல் இல்லை. இவற்றுள் எத்தனையை நம் ரசிகர்கள் தேடிப் படித்தார்கள்? அதைவிட முக்கியமாக, இவற்றுள் எத்தனைக்கு நம் இலக்கிய இதழ்கள் ஒரு முழுப்பக்க மதிப்புரை எழுதின? மொழிபெயர்ப்பில் வந்தால் ஸ்தனிஸ்லாவ் லெம் பற்றி இருபது பக்கம் எழுதுவோம். அதே கற்பனை ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்தால் ‘பொழுதுபோக்கு’ என்று பையில் போட்டுவிடுவோம். முதுகலைத் தமிழ்ப் பாடத்திட்டத்தில் தலித்தியமும் பெண்ணியமும் போராடி இடம்பெற்றன. அறிவியல் புனைவுக்காகப் போராட ஆளே இல்லை. ‘திமலா’ என்ற சிறுகதையில் எதிர்காலத் திருமலைக்கு ஓர் இளம் தம்பதியை அனுப்பிவைத்தார் சுஜாதா. அந்தத் திருமலைக்குச் செல்லும் சாலையிலேயே வகுப்பறை இருந்தும், அக்கதையை இங்கே பாடமாக வைக்க வேண்டுமென்றால் ‘இது எந்த அலகில் வரும்?’ என்ற கேள்வியைத் தாண்ட வேண்டியிருக்கிறது.

ஆகவே அந்த விமர்சகருக்கு நம் மறுமொழி இதுதான். இளைஞர்களை வாடிக்கையாளர் என்று அழைத்தீர்கள். வாடிக்கையாளராக மட்டும் இருப்பதற்கு வேண்டிய எல்லா ஏற்பாடுகளையும் திரைத்துறை செய்து வைத்திருக்கிறது. எழுதுபவராக ஆவதற்கு வேண்டிய ஓர் ஏற்பாட்டையேனும் நீங்கள் செய்தீர்களா? பக்கம் ஒதுக்கினீர்களா? பிழை திருத்திக் கொடுத்தீர்களா? ஆண்டுக்கொரு சிறப்பிதழ்? திரைத்துறைக்காவது அவர்கள் தேவைப்படுகிறார்கள். நம் இலக்கிய உலகத்துக்கு அவர்கள் சிரிப்பதற்கு மட்டும் தேவைப்படுகிறார்கள்.

தரம் கெட்டுவிடும் என்ற அச்சம் ஒன்று எப்போதும் இதற்கு விடையாக வரும். போட்டிக்கு வருகிற கதைகளில் பாதி, தாம் பார்த்த படங்களின் நகலாக இருக்கும் என்பது உண்மை. நாம் பார்த்திருக்கிறோம். விண்கலம் இறங்கும், இறங்கியவுடன் நாயகன் பெயர் ரிஷி என்றிருக்கும். நகலெடுத்தல் கற்பதன் முதல் படி. யாப்பருங்கலக்காரிகை படித்துவிட்டு எழுதிய வெண்பாக்களை நம் ஆசிரியர்கள் பொறுமையாகத் திருத்தினார்கள். அவற்றின் தரம் பற்றி இங்கே விரிவாகப் பேச வேண்டாம்.

சென்ற பருவத்தில் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி எட்டுப் பக்கக் கதை ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள். அம்மையார்குப்பத்து நெசவாளர் வீட்டுப் பெண். கதை 2070இல் நடக்கிறது. ஊரில் நெய்பவர் எவரும் மிஞ்சவில்லை. தறிகள் தாமாகவே நெய்கின்றன. ஒரு வீட்டுத் தறி மட்டும் கரையில் எட்டு விரற்கடைக்கு ஒருமுறை ஓர் இழையைத் தவறவிடுகிறது. பழுது பார்க்க வந்தவன் எவ்வளவு சரிசெய்தும் நிற்கவில்லை. அந்த வீட்டில் கடைசியாக நெய்த பெண்ணுக்கு வலக்கை ஆள்காட்டி விரல் மடங்காது. தறி அவளிடமிருந்து கற்றுக்கொண்டதை மறக்க மறுக்கிறது. உரையாடல் முழுவதும் எங்கள் எல்லைத் தெலுங்கில், தமிழ் எழுத்தில். மூன்று இடங்களில் ஒற்றுப்பிழை, ஓரிடத்தில் கால மயக்கம். திருத்திக் கொடுத்தோம். இவளும் ‘கல்கி’யின் அடுத்த பகுதிக்கு நாள் எண்ணுகிறவள்தான்.

எந்த இதழுக்கு அனுப்பலாம் என்று கேட்டாள். நாம் படிக்கும் இலக்கிய இதழ்கள் நான்கின் பெயரைச் சொன்னோம். குறித்துக்கொண்டாள். பிறகு, இந்த நான்கில் இதுபோன்ற கதை கடைசியாக எதில் வந்தது, அதைப் படித்துப் பார்த்துவிட்டு அனுப்புகிறேன் என்றாள். நல்ல மாணவி கேட்க வேண்டிய கேள்விதான். அன்று மாலை முதல் நம் அலமாரியிலுள்ள பழைய இதழ்களைத் தேதிவாரியாகப் புரட்டிக்கொண்டிருக்கிறோம். இதுவரை நான்கு ஆண்டுகள் பின்னால் போயிருக்கிறோம்.